சைக்கஸ் கன்றுக்குப் போர்வை வேண்டாம், வடிகால் வேண்டும்

கேள்வி: முள்ளியவளையில் சின்னதாக ஒரு பூங்கன்று நாற்றுமேடை வைத்திருக்கிறேன். கொழும்பிலிருந்து எடுத்த, பனை போல ஓலை விரிக்கும் அலங்காரச் செடியான சைக்கஸ் கன்றுகள் நாற்பதை வயல் மண்ணும் மாட்டெருவும் கலந்து பைகளில் நட்டேன். மார்கழி மழையோடு இலை மஞ்சளாகி, பதினொரு கன்று அழுகிவிட்டது. குளிர் என்று நினைத்துப் பொலித்தீனால் இறுக்கி மூடியும் பலனில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா, அங்கே இதற்கு உறைபனித் துணி போர்த்துவார்கள், அனுப்பட்டுமா என்று கேட்கிறார். கடைக்காரர் குளிர் தாங்க ஒரு டொனிக் தந்தார். மாண்டஸ் புயல் நேரம் மாடுகள் விறைத்துச் செத்ததைப் பார்த்த பயம் இன்னும் போகவில்லை. இந்த மாரிக்கு எதைக் கொண்டு மூடலாம்? வெட்டின இலைகளை ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போடுகிறேன், அது பரவாயில்லைத்தானே?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது தங்கச்சி. முதலில் அந்த இலைக்குவியலை இன்றைக்கே அள்ளி ஆழமாகப் புதையுங்கள். சைக்கஸின் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் சைக்கசின் என்ற நஞ்சு இருக்கிறது. விதையில் மிகவும் அதிகம். அது ஈரலைக் கெடுக்கும். இலையைத் தின்று பழகிய மாடுகளுக்குப் பின்னங்கால் இழுத்துக்கொள்ளும், அப்படி விழுந்த கால் திரும்பச் சரியாவதில்லை. நாய் விதையைக் கடித்தால் உயிருக்கே ஆபத்து. முறிவு மருந்தும் இதற்குக் கிடையாது. ஆடு தின்றது தெரிந்தால், வாடட்டும் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். கன்று வாங்குகிறவர்களுக்கும் இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும், சின்னப்பிள்ளைகள் உள்ள வீடென்றால் கட்டாயம்.

இனிப் போர்வை. அண்ணாவின் துணி உங்களுக்கு வேண்டாம். நீங்கள் வைத்திருப்பது யப்பானின் தெற்குத் தீவுகளிலிருந்து வந்த இனமாகத்தான் இருக்கும், கடைகளில் ஓடுவது அதுதான். பூச்சியத்துக்குக் கீழே 5 பாகை அளவில்தான் அதன் இலை கருகத் தொடங்கும். வன்னியின் மார்கழி, தை இரவு ஏறத்தாழ 20 பாகை. உங்கள் கன்று குளிரவே இல்லை. 2022 டிசம்பரில் மாடுகள் செத்தது வேறு கதை. மாடு தன் உடம்பில் சூட்டை உண்டாக்கி வைத்திருக்கிற உயிர். மழையில் நனைந்து, வாடைக்காற்றில் ஒதுங்க இடமில்லாமல், மெலிந்த உடம்போடு நின்றபோது அந்தச் சூடு போய்விட்டது. சைக்கஸ் கன்றுக்கு இழக்க அப்படிச் சூடு இல்லை.

துணி எங்கே வேலை செய்யும் என்றால், நுவரெலியா மாதிரி இடத்தில். அங்கே தை, மாசியில் முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலத்தின் சூடு வானத்துக்குப் போய்விட, இலை சுற்றியுள்ள காற்றைவிடக் கூடக் குளிர்ந்து உறைபனி பிடிக்கும். பின்னேரமே துணி போர்த்தினால் மண்ணின் சூடு உள்ளே தங்கும், வெயில் ஏற எடுத்துவிட வேண்டும். இலையில் ஒட்டும்படி பொலித்தீன் போடக்கூடாது, தொட்ட இடம்தான் முதலில் கருகும். மெக்சிக்கோவிலிருந்து வந்த, தடித்த வட்ட இலை உள்ள சேமியா (Zamia) என்ற, சைக்கஸின் உறவுச் செடி இன்னும் மென்மை, அதற்குக் கவனம் கூட வேண்டும். அண்ணா கனடாவில் ஒன்று வைத்திருந்தால் சாடியில் வைத்து வீட்டுக்குள் வெளிச்சமான யன்னலோரம் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நாட்டுப் பனிக்கு எந்தத் துணியும் காணாது.

உங்கள் கன்றுகளைக் கொன்றது வயல் மண். நெல்லுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் நல்ல மண் என்கிறோமே, அதே குணம்தான் சைக்கஸுக்கு எமன். நான் எங்கே போனாலும் சொல்வது ஒன்றுதான்: இந்த மரத்துக்குப் பசளையைப் பற்றி யோசிக்க முதல் தண்ணீர் எப்படி வெளியேறும் என்று யோசியுங்கள். மூன்றில் இரண்டு பங்கு குருமணலும் சின்னச் சல்லியும், மிச்சம் தும்புச்சோறும் நன்றாக உக்கிய இலைக்குப்பையும் போதும். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மேலே தேங்கி நின்றால் கலவை பிழை. கிழங்கு போன்ற அந்தத் தண்டில் பாதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று தண்டைப் புதைத்துவிடுகிறார்கள், அழுகல் அங்கேதான் தொடங்குகிறது. பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள், அடித்துளை அடைபடக்கூடாது. நிலத்தில் நடுவதென்றால் ஒன்றரை அடி மேடு போட்டு நடுங்கள். கட்டியான மண்ணில் குழி வெட்டி அடியில் சல்லி கொட்டுவதில் பயனில்லை. சுற்றியுள்ள நீர் எல்லாம் அந்தக் குழிக்குள் வந்து கிணறாக நிற்கும். அடைமழைக்கு மூடத்தான் வேண்டும் என்றால் ஆள் உயரத்துக்கு மேலே தெளிவான தகடு கட்டி, நாலு பக்கமும் திறந்து விடுங்கள். நீங்கள் இறுக்கி மூடியது ஈரத்தை உள்ளே பூட்டி, அழுகலுக்கு இடம் கொடுத்துவிட்டது.

அந்த டொனிக்கை யாரிடமும் வாங்காதீர்கள். குளிர் தாங்க வைக்கும் போத்தல் மருந்து என்று சைக்கஸுக்கு ஒன்று இல்லை. இலை மஞ்சள் என்றவுடன் யூரியாவைக் கையில் தருகிற கடையும் அப்படித்தான். இந்த மரத்தின் மேல்வேர்கள் சில பவளம் போல முடிச்சு முடிச்சாக மண்ணுக்கு மேலே வரும். நோய் என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். அதற்குள் நீலப்பச்சைப் பாசி இருந்து காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்குப் பிடித்துக் கொடுக்கிறது. அழுகும் வேருக்கு மேல் யூரியா போடுவது காசைக் கொடுத்துக் கன்றைக் கொல்வது. வேர் வெட்டின முண்டங்களை முழு வயதுக் கன்று என்று கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். சிலது எங்கள் காட்டில் நிற்கும் இனத்தைத் தோண்டியது. அது மிக மெதுவாக வளர்கிற மரம், நாட்டில் அருகிவருகிறது. அவர்களிடம் ஒன்றுகூட எடுக்க வேண்டாம்.

மிச்சமுள்ளவற்றில் ஒவ்வொன்றின் தண்டையும் விரலால் அமத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் கலவையை மாற்றினால் போதும். மெத்தென்று இருந்தாலோ புளித்த மணம் வந்தாலோ பிடுங்கி மண்ணைக் கழுவி, வெள்ளைச் சதை தெரியும் வரை அழுகலைச் சுத்தமான கத்தியால் சீவுங்கள். வெட்டில் கந்தகத்தூள் பூசி, மழை படாத நிழலில் இரண்டு கிழமை காய வைத்து, பிறகு வெறும் குருமணலில் நடுங்கள். மஞ்சளானாலும் உயிருள்ள இலையை வெட்டாதீர்கள், மரம் அதிலிருந்துதான் சத்தைத் திரும்ப எடுக்கும். குருத்து வரும் கிழமைகளில் தினமும் பாருங்கள். ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி இளங்குருத்தில் முட்டை இடும், எறும்பு ஏறினால் புழு இருக்கிறதா என்று தேடுங்கள். கையாலேயே எடுத்துவிடலாம். அந்தக் குருத்து விரிந்து இலை முற்றும்வரை பசளை எதுவும் போட வேண்டாம்.