ஆடிக் காற்றும் அடுத்த மூன்று நாளும்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் முப்பத்து நான்கு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்டபத்தில் வசிக்கிறார்.)

கேள்வி: வாத்தியார் ஐயா, நான் ராமநாதபுரம் கேணிக்கரையில் இருக்கிறேன். வயது 36, பள்ளி ஆசிரியை. போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக நீண்ட சைக்கிள் பயணம் போனேன். விடிகாலை நாலரைக்கு அரண்மனை வாசலில் கிளம்பி, பாம்பன் பாலம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனைத் தூணைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். போக வர 150 கிலோமீட்டர் இருக்கும். போகும்போது பறந்தேன். வரும்போது காற்று கொன்றுவிட்டது. கடைசிவரை பெரிய கியரிலேயே அழுத்தி, இருட்டியபிறகுதான் வீடு வந்தேன். காலையில் 58 கிலோ இருந்தேன், வந்ததும் 56. அன்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. இன்று மூன்றாம் நாள். மாடிப்படி ஏறிவிடுகிறேன், இறங்கத்தான் முடியவில்லை. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துக் கிடக்கின்றன. மாமியார் அசையாதே என்கிறார். ஜிம்முக்குப் போகும் கொழுந்தன், லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கு அண்ணி, மறுபடி ஓட்டினால் கரையும் என்கிறான். இதெல்லாம் போக, மனசு ஏனோ காலியாக இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
– பெயர் வேண்டாம், ராமநாதபுரம்

பதில்: ஆடி மாசத்தில் அரிச்சல்முனைக்கு சைக்கிளா! அம்மி பறக்கிற மாசம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், நீங்கள் ஒல்லி டயரில் கிளம்பியிருக்கிறீர்கள். முதலில் என் கை குலுக்கலைப் பிடியுங்கள். வலது கையால்.

போகும்போது பறந்தீர்கள் என்றால் அது கச்சான் என்கிற மேல்காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போனது. நம் பக்கத்து மீனவர்களிடம் கேட்டிருந்தால் திரும்பி வரும்போது அதே காற்று வட்டி கேட்கும் என்று சொல்லியிருப்பார்கள். பாம்பன் பாலத்தில் இடது கன்னத்தில் அறைந்திருக்குமே? அது தாண்டி உச்சிப்புளி வரை நேர் முகத்தில். அந்த வட்டியைத்தான் இப்போது படிக்கட்டில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கொழுந்தனிடம் அன்பாகச் சொல்லுங்கள்: லாக்டிக் ஆசிட் பாவம், அதன்மேல் பழி வேண்டாம். சைக்கிளை விட்டு இறங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு அதைச் செலவழித்துவிடும். மூன்றாம் நாள் வலிக்குக் காரணம், பழக்கமில்லாத வேலையில் தசை நார்களுக்குள் விழுந்த நுண்ணிய கிழிசல்களும் அதைத் தைக்க வந்த வீக்கமும். ஒரு நாளில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கும். படி இறங்கும்போது ஏன் அதிகம் வலிக்கிறது? ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. கிழிந்த துணியை இழுப்பது மாதிரி. இரண்டு நாளைக்குப் பின்பக்கமாக இறங்கிப் பாருங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும்.

ஆனால் ஒன்று. சைக்கிள் ஓட்டினால் பொதுவாக இந்த அளவுக்கு வலி வராது. ஓட்டப் பந்தயம் ஓடினவனுக்கு வருகிற வலி இது. உங்களுக்கு ஏன் வந்தது என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘பெரிய கியரிலேயே அழுத்தி.’ எதிர்காற்றில் கியரைக் குறைத்துவிட்டு, வேகம் போனால் போகிறது என்று, காலை லேசாகவும் விரைவாகவும் சுற்ற வேண்டும். நீங்கள் கிணற்றில் ஏற்றம் இறைப்பது மாதிரி மிதித்திருக்கிறீர்கள்.

மாமியார் சொல்வதிலும் கொழுந்தன் சொல்வதிலும் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். கிடையாகக் கிடந்தால் தசை இன்னும் விறைக்கும். இன்று சாயங்காலம் இருபது நிமிஷம் மெள்ள நடங்கள். நாளை மறுநாள் வேண்டுமானால் சைக்கிளை எடுத்து, பேசினால் மூச்சு வாங்காத வேகத்தில் அரை மணி நேரம். ரத்த ஓட்டம் கூடுவதால் இதமாக இருக்கும். அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

இரண்டு கிலோ குறைந்தது கொழுப்பு என்று சந்தோஷப்பட்டிருந்தால் மன்னியுங்கள், அது பெரும்பாலும் தண்ணீர். இழந்த ஒரு கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் கணக்கில், அன்று ராத்திரிக்குள் மூன்று லிட்டர் உள்ளே போயிருக்க வேண்டும். ஒரே மூச்சில் அல்ல, சிறுகச் சிறுக. வெறும் தண்ணீராகவும் அல்ல. வேர்வையில் உப்பும் போயிருக்கிறது. அந்த நேரத்தில் குடம் குடமாக வெறும் தண்ணீரைக் குடித்தால் ரத்தத்தில் இருக்கிற உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல் வரும், முற்றினால் ஆபத்து. மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நல்லது. இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. என்னைக் கேட்டால் நீராகாரத்தில் கல் உப்பு போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பேன்.

சாப்பாடு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பாம்பனில் ரோட்டுப் பாலம் 1988 அக்டோபரில் திறந்தார்கள். அதுவரை தீவுக்கு ரயில்தான். பாலத்தில் சைக்கிள் விட வேண்டும் என்று எங்கள் செட்டுக்கே வெறி. எனக்கு இருபத்து நாலு வயது. ராமநாதபுரத்தில் ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் போய் அன்றே திரும்பினேன், 110 கிலோமீட்டர். கியராவது ஒன்றாவது! வழி நெடுக டீ, பன், டீ. வந்ததும் குளிக்கக்கூட இல்லை. கால் வலிக்கிறது என்று ஒரு கடையில் கேட்டு வாங்கிய இரண்டு வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுப் படுத்துவிட்டேன். நடுராத்திரி வாந்தி. மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் விசிலை ஊதினேன், காற்றுதான் வந்தது. உடம்பு வற்றிக் கிடக்கும்போது அந்த மாத்திரைகள் வயிற்றை மட்டுமல்ல, சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் திட்டித் தெரிந்துகொண்டேன். இறங்கின ஒரு மணி நேரத்துக்குள் சோறு, கூடவே மீனோ முட்டையோ பருப்போ. சோறு தசையில் காலியான சர்க்கரைச் சேமிப்பை நிரப்பும், அது முழுசாக நிரம்பவே ஒன்று இரண்டு நாள் பிடிக்கும். மீன் கிழிசலைத் தைக்கும். நம் ஊரில் சூடை மீன் குழம்பு இருக்கும்போது டப்பாவில் வருகிற மாவு எதற்கு என்பது என் கட்சி.

முதல் ராத்திரி தூங்காததற்குப் பயப்பட வேண்டாம். சூடேறின இஞ்சின் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் டிக் டிக் என்று கேட்குமே, அதுதான். இப்போது வருகிற தூக்கத்தைத் தடுக்காதீர்கள், அவ்வளவுதான். விடைத்தாள் காத்திருக்கும்.

விரல்தான் நான் கவனமாகப் படித்த இடம். மோதிர விரல், சுண்டு விரல் என்று எழுதியிருக்கிறீர்கள், மற்ற மூன்றும் சரி. அப்படியானால் உள்ளங்கையின் அடிப்பக்கம், சுண்டு விரலுக்கு நேர் கீழே மணிக்கட்டை ஒட்டிப் போகிற அல்னார் நரம்பு நசுங்கியிருக்கிறது. ஹேண்டில்பாரில் உடம்புப் பாரத்தை அந்த இடத்தில்தான் ஊன்றியிருப்பீர்கள். பாலத்தின் இணைப்புகளில் ஒவ்வொரு ‘டொக்’கும் அங்கேதான் இறங்கியிருக்கும். ஒரு சோதனை: இடது கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் ஒரு தாளை இடுக்கிக்கொண்டு, வலது கையால் இழுங்கள். தாள் சுலபமாக உருவிக்கொண்டு வந்தாலோ, பிடித்து வைக்கக் கட்டை விரல் நுனி தானாக மடங்கினாலோ, தசைக்கும் பலம் குறைந்திருக்கிறது. நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். தாள் நின்றால், வெறும் மரமரப்பு என்றால், சில நாளிலிருந்து சில வாரத்தில் தானாகத் தெளியும். மூன்று வாரம் ஆகியும் போகவில்லை என்றாலும் டாக்டர்தான். அதற்கிடையில் சீட்டைப் பாருங்கள். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக் கைமேல் விழும். மட்டமாக வையுங்கள், ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஓட்டும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பிடியை மாற்றுங்கள்.

மனசு காலியாக இருப்பதைப் பற்றி. எத்தனை மாசமாக அந்தத் தூண் கண்ணிலேயே நின்றிருக்கும்? ஞாயிறு அங்கே போய் நின்றாயிற்று. இரண்டு பக்கமும் கடல், மேலே போக ரோடு கிடையாது. திங்கட்கிழமை மணி அடிக்கிறது, நீங்கள் ஐந்தாம் வகுப்புக்குள் நுழைகிறீர்கள். காலியாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? பசியும் தூக்கமின்மையும் அதைப் பெரிதாக்கும். தூங்கிச் சாப்பிட்ட பிறகும் வாரக் கணக்கில் நீண்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். கொழுந்தனை அடுத்த தடவை கூட்டிக்கொண்டு போங்கள். எதிர்காற்றில் அவரை முன்னால் விட்டுப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரலாம்.

கேள்வி: சார், ஐ.டி.ஐ. படிக்கிறேன், சாயல்குடி. நண்பர்களோடு பந்தயம் கட்டி 120 கி.மீ. ஓட்டினேன். மறுநாளிலிருந்து தொடை கல் மாதிரி வீங்கியிருக்கிறது. சிறுநீர் கருப்பு காபி நிறத்தில் போகிறது. வெட்கமாக இருப்பதால் வீட்டில் சொல்லவில்லை. என்ன குடித்தால் சரியாகும்?

பதில்: தம்பி, இதற்கு இதழ் அச்சாகும்வரை காத்திருக்க முடியாது என்று, கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றைக்கே பேசினேன். நீங்களும் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்கள். மற்றவர்களுக்காக இங்கே போடுகிறேன். தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அதிலிருக்கிற மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். கோலா நிறச் சிறுநீர், வீக்கம், தாங்க முடியாத வலி, கை கால் சோர்வு: இவற்றைக் கண்டால் வீட்டு வைத்தியம் கிடையாது. உடனே போய், ‘அதிகமாக சைக்கிள் ஓட்டினேன், ரத்தத்தில் சிகே, கிரியாட்டினின் பாருங்கள்’ என்று சொல்ல வேண்டும். முதலாவது தசைச் சிதைவையும் இரண்டாவது சிறுநீரகத்தின் நிலையையும் காட்டும். அதேபோல ஒரே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலும் தேய்த்துவிடாமல் டாக்டரிடம் போங்கள், ரத்தக் கட்டியாக இருக்கலாம். பந்தயத்தில் ஜெயித்தீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, எனக்கு உடம்பு தேறிவிட்டது, சைக்கிள்தான் தேறவில்லை. வாலிநோக்கத்திலிருந்து தூத்துக்குடி போய் வந்தேன். வந்த அன்றே நன்றாகக் கழுவினேன். நாலு நாளில் செயின் செங்கல் நிறமாகிவிட்டது. முன் டயரும் இரண்டு முறை பஞ்சர்.

பதில்: எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? போர் தண்ணீராக இருந்தால், உப்பைக் கழுவ உப்பை ஊற்றியிருக்கிறீர்கள். நம் கடற்கரையில் பல இடங்களில் நிலத்தடி நீரே கரிப்பு. ஒரு குடம் காவிரித் தண்ணீரைத் தியாகம் செய்யுங்கள், வீட்டில் திட்டு விழும். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொண்டு இரும்பின் மேல் உட்காரும், அதனால் மழையே இல்லாமலும் துரு பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்தி, பிறகு செயினில் கண்ணி கண்ணியாக ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிஷம் பெடலைச் சுற்றிவிட்டு மேலே வழிகிறதைத் துடைத்துவிடுங்கள். பிசுக்கு நின்றால் மணல் ஒட்டி, செயினை அரம் மாதிரி அராவும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஸ்போக் நிப்பிள், பிரேக் கம்பி நுனி இரண்டையும் பாருங்கள், துரு அங்கேதான் ஒளியும்.

பஞ்சருக்குக் காரணம் நம் மாவட்டத்து மகாராணி சீமைக்கருவேலம். முதல் பஞ்சரில் டியூபை மட்டும் ஒட்டினார்கள், முறிந்த முள் நுனி டயருக்குள்ளேயே நின்றிருக்கும். டயரைக் கழற்றி உள்பக்கம் பஞ்சைத் தடவுங்கள். எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அங்கே முள். வெளியிலிருந்து தள்ளி, உள்ளிருந்து குறட்டால் பிடுங்குங்கள்.

கேள்வி: உட்காருகிற இடத்தில் புண். யாரிடமும் கேட்க முடியவில்லை.
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: எல்லோருக்கும் வந்ததுதான். காரணம் வேர்வையில் ஊறின பருத்தி உள்ளாடையின் தையல். சோப்பில் கழுவி, ஈரம் ஒற்றி, காற்றாட விடுங்கள். சீழ் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர். தோல் மூடும்வரை சைக்கிள் கிடையாது. அடுத்த முறை மெத்தை வைத்த சைக்கிள் டவுசரை உள்ளாடை இல்லாமல் போட வேண்டும். வீடு வந்ததும் முதல் வேலை அதைக் கழற்றுவது, டீ அப்புறம்.

கேள்வி: முதல் 100 கி.மீ. முடித்துப் பத்து நாள் ஆகிறது. 200 கி.மீ. ப்ரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்கிற நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்ட ஆசை. எப்போது மறுபடி தொடங்கலாம்?
– கீழக்கரை கல்லூரி மாணவி

பதில்: காலையில் படுக்கையை விட்டு எழும்முன் நாடித்துடிப்பை எண்ணுங்கள். வழக்கமான எண்ணுக்கு வந்துவிட்டதா, படி இறங்கினால் வலி இல்லையா, அப்படியானால் இன்றே தொடங்கலாம். ப்ரெவேயில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருவார்கள். அவசரமே இல்லாத விளையாட்டு அது. முதலில் ஏர்வாடி வரை போய் வாருங்கள். ஆடி முடிகிறவரை கிளம்பும்போது காற்று முகத்திலும் திரும்பும்போது முதுகிலும் இருக்கிற வழியாகப் பார்த்துப் போக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து ஏர்வாடி அப்படித்தான் வாய்த்திருக்கிறது. கேணிக்கரைக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.