ஓ-பிரியோன்: ஒரு பள்ளத்தின் இரு பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரான்சின் போர்தோ ஒயின்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஷாத்தோ ஓ-பிரியோன் என்ற தோட்டத்தையும் அதன் ஒயினையும் இரண்டே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் பரிமாறும் பிரிவில் இருக்கிறேன். இந்த ஒயினைப் பற்றி யாராவது கேட்டால் ‘ஐந்நூறு வருடப் பாரம்பரியம், அந்த மண்ணுக்கே உரிய குணம்’ என்று சொல்லும்படி பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் சொல்லும்போது எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. பாரம்பரியம் என்பது விலையை ஏற்றுவதற்காக வியாபாரிகள் கட்டிய கதைதானே? மண்ணுக்குத் தனிக் குணம் என்பதாவது உண்மையா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

உங்கள் சந்தேகம் நியாயமானது, பழையதும்கூட. 1677 மே மாதம் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இதே தோட்டத்தைப் பார்க்கப் போனார். அப்போது அவர் பிரான்சில் தங்கியிருந்த காலம். போர்தோவின் நல்ல ஒயின் விலை ஏறிப்போனதற்குத் தன் நாட்டுக்காரர்களின் மடமைதான் காரணம் என்று குறிப்பில் எழுதினார். லண்டனில் நாகரிகம் பார்க்கும் பணக்காரர்கள் ‘என்ன விலையானாலும் சரி, சிறந்ததை அனுப்பு’ என்று போட்டி போட்டு ஆர்டர் கொடுத்ததால்தான் இந்த விலை என்பது அவர் கணக்கு. ஆகவே விலையைப் பொறுத்தவரை நீங்கள் நினைப்பதில் பாதியை லாக் அப்போதே சொல்லிவிட்டார்.

ஆனால் அதே லாக் அந்த மண்ணையும் குனிந்து பார்த்தார். வெள்ளை மணல், அதில் கொஞ்சம் சரளை. எதுவும் விளையாது என்று தோன்றும் நிலம். அவரிடம் வணிகர்கள் சொன்ன ஒரு செய்தியையும் பதிவு செய்திருக்கிறார்: பக்கத்துத் தோட்டத்துக்கும் இதற்கும் நடுவே ஒரு பள்ளம்தான் இருக்கிறது, பார்வைக்கு மண் அச்சு அசலாக ஒன்றுதான், இருந்தும் அங்கே விளையும் ஒயின் இதன் அருகில் வராது. விளம்பர நிறுவனங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு, எதையும் கேள்வி கேட்கும் ஒரு மனிதர் எழுதி வைத்தது இது. எனக்கு இந்தத் தோட்டத்தின் மீது மதிப்பு வந்ததே இந்தக் குறிப்பைப் படித்த பிறகுதான்.

மண்ணின் குணம் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. கரோன் ஆறு பல லட்சம் ஆண்டுகளாக அடித்துக்கொண்டு வந்து போட்ட கூழாங்கல் மேடு அது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். திராட்சைக் கொடிக்கு மேல்மண்ணில் சத்தும் கிடைக்காது, ஈரமும் கிடைக்காது. வேர் கீழே போயாக வேண்டும். அடியில் களிமண் இருப்பதால் கோடையில் அங்கே கொஞ்சம் ஈரம் காத்திருக்கும். பகலில் சூடேறிய கற்கள் இரவில் அந்தச் சூட்டைக் கொடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கும். இப்படி நெருக்கடியில் வளரும் கொடி இலை விடுவதில் சத்தைச் செலவழிக்காது. பழம் சிறியதாக, தோல் கெட்டியாக, சாறு செறிவாக வரும். இன்னொன்றும் உண்டு. தோட்டம் இருக்கும் பெசாக் என்ற ஊர் இன்று போர்தோ நகரத்தோடு ஒட்டிவிட்டது. சுற்றிலும் வீடுகள், சாலைகள், நடுவில் இந்தத் தோட்டம். நகரத்தின் வெப்பமும் சேர்வதால் வடக்கே உள்ள மெதோக் என்ற ஒயின் பகுதியைவிட இங்கே பழம் சீக்கிரம் பழுத்துவிடுகிறது. புகை, புகையிலை, சுட்ட கல், ஈரமண் என்று இதன் மணத்தை வர்ணிப்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே சொற்களுக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், லா மிசியோன் ஓ-பிரியோன் என்ற இன்னொரு தோட்டம் இருக்கிறது. 1983-இல் அதையும் ஓ-பிரியோனின் உரிமையாளர் குடும்பமே வாங்கிவிட்டது. ஒரே முதலாளி, ஒரே நிபுணர் குழு. நினைத்திருந்தால் இரண்டையும் கலந்து ஒரே பெயரில் விற்றிருக்கலாம். இன்றுவரை தனித்தனியாகத்தான் செய்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு ஒயின்களாகவே வருகின்றன. மண்ணைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் பாரம்பரியம். ஐந்நூறு வருடம் என்பது கதை அல்ல. 1525-இல் ழான் த போந்தாக்குக்குத் திருமணச் சீராக இந்த நிலத்தின் ஒரு பகுதி வந்தது. 1533-இல் மேலும் நிலம் வாங்கினார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர் அவர். ஆனால் ஒயினின் வரலாற்றை மாற்றியவர் அவருடைய வழிவந்த ஆர்னோ த போந்தாக். போர்தோ நீதிமன்றத்தின் தலைவர், பெரும் செல்வாக்குள்ளவர். அந்தக் காலத்தில் போர்தோ ஒயின் என்றால் வெளிர் சிவப்பில், அடுத்த வருடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டிய சரக்கு. எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஆர்னோவின் காலத்தில்தான் பீப்பாய் குறையக் குறைய நிரப்பி வைப்பதும், கசடை விட்டுத் தெளிவை வேறு பீப்பாய்க்கு மாற்றுவதும் இங்கே அக்கறையாக நடந்தன. நிறம் அடர்ந்து, ஆண்டுக்கணக்கில் நின்று வளரும் ஒயின் வந்தது. அதைத் தோட்டத்தின் பெயரிலேயே விற்றார்.

1660-ஆம் ஆண்டின் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸின் ஒயின் வைக்கும் பாதாள அறைக் கணக்கிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. 1663 ஏப்ரல் 10 அன்று, நாட்குறிப்புக்காகப் பெயர் பெற்ற ஆங்கிலேயர் சாமுவேல் பீப்ஸ் லண்டன் மதுக்கடை ஒன்றில் இதைக் குடித்துவிட்டு, ‘ஹோ பிரையன்’ என்று காதில் விழுந்தபடி எழுதி, இதுவரை சந்திக்காத தனிச்சுவை என்று நாட்குறிப்பில் சேர்த்தார். 1666-இல் லண்டன் பெருந்தீயில் எரிந்தது. அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் ஆர்னோ தன் மகனை அங்கே அனுப்பி ஓர் உணவகம் திறக்க வைத்தார். வாசலில் ஆர்னோவின் தலை வரைந்த பலகை. ராயல் சொசைட்டி என்ற அறிவியல் அறிஞர் சங்கத்தின் ஆண்டு விருந்துகள் அங்கே நடந்தன. இதெல்லாம் வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் வியாபாரத்துக்குப் பின்னால் வேறெங்கும் கிடைக்காத ஒரு பொருள் இருந்தது.

பிரெஞ்சுப் புரட்சியில் அப்போதைய உரிமையாளர் ஜோசஃப் த ஃபுமேல் 1794-இல் தலை வெட்டப்பட்டார். 1801-இல் தோட்டத்தை வாங்கியவர் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தலேரான். மூன்று வருடத்தில் விற்றும்விட்டார். அந்த இடைவெளியில், 1802-இல், அவர் மணந்த கேத்தரின் பிறந்த ஊர் நம் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் கையில் தரங்கம்பாடி இருந்தபோது, பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் மகளாக 1762-இல் பிறந்தவர். சோழமண்டலக் கரையில் பிறந்த ஒரு பெண் சில காலம் ஓ-பிரியோனின் எஜமானி என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1855 தரவரிசையை உங்கள் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் போட்ட பட்டியல் அது. அடிப்படை, சந்தை விலை. முதல் வரிசையில் நான்கே பெயர்கள்: லஃபீத், லதூர், மர்கோ, ஓ-பிரியோன். சிவப்பு ஒயின்களில் மெதோக்குக்கு வெளியே இருந்து சேர்க்கப்பட்டது ஓ-பிரியோன் மட்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்குப் பிறகு வருவதை. 1935-இல் அமெரிக்க வங்கியாளர் கிளாரன்ஸ் டில்லன் தோட்டத்தை வாங்கினார். இன்றும் அவர் வம்சத்தின் கையில்தான் இருக்கிறது. ஆனால் ஒயினை உருவாக்கியது இன்னொரு வம்சம். ஜார்ஜ் தெல்மாஸ் 1920களிலேயே அங்கே பொறுப்பில் இருந்தார். மகன் ழான்-பெர்னார், அவர் மகன் ழான்-ஃபிலீப் என்று மூன்று தலைமுறை. இதில் ழான்-பெர்னார் 1961-இல் ஒரு காரியம் செய்தார். ஊறவைக்கும் பழைய மரத்தொட்டிகளைத் தூக்கிவிட்டு எவர்சில்வர் தொட்டிகளைக் கொண்டுவந்தார். முதல் வரிசைத் தோட்டங்களில் அதுவரை யாரும் துணியாதது. நொதிக்கும்போது சூடு கட்டுமீறினால் சாறு கெட்டுவிடும். மரத்தொட்டியில் அதை அடக்குவது கடினம், உலோகத்தொட்டியைத் தண்ணீர் விட்டே குளிர்விக்கலாம். பிறகு 1970களில் நூற்றுக்கணக்கான கொடி வகைகளைத் தனித்தனியே நட்டு, பழத்தைச் சோதித்து, இந்த மண்ணுக்கு எது பொருந்துகிறது என்று பல ஆண்டுகள் பார்த்தார்.

கவனியுங்கள், இந்தத் தோட்டத்தில் மாறாதது கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. உரிமையாளர் மாறியிருக்கிறார், தொட்டி மாறியிருக்கிறது, கொடிகள் மாறியிருக்கின்றன, பாட்டிலின் வடிவம்கூட 1958 விளைச்சலிலிருந்து வேறு. ‘அன்று முதல் இன்று வரை அப்படியே’ என்று யாராவது சொன்னால் அது தவறு. ஒரே நிலத்திலிருந்து இன்னும் நல்லதை எப்படி எடுப்பது என்ற கேள்வியை ஒவ்வொரு தலைமுறையும் கைமாற்றி வந்திருக்கிறது. ஆர்னோ பீப்பாயில் செய்ததும் தெல்மாஸ் தொட்டியில் செய்ததும் ஒரே வேலைதான். நான் பாரம்பரியம் என்று ஒப்புக்கொள்வது இதை.

பெயரை மறைத்து வைத்தாலும் இந்த மதிப்பு நிற்குமா என்று கேட்பீர்கள். 1976-இல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்களே பிரெஞ்சு ஒயின்களையும் கலிஃபோர்னிய ஒயின்களையும் லேபிள் தெரியாமல் சுவைத்தார்கள். கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் முதலிடம் பிடித்தது. 1970-ஆம் ஆண்டு விளைச்சலில் செய்த ஓ-பிரியோனுக்கு நான்காம் இடம். தோல்விதான், ஆனால் சொத்தை ஒயின் அந்த வரிசையில் நான்காவதாக வராது. பெரிய ஒயினை வேறு மண்ணிலும் செய்ய முடியும் என்பதைத்தான் அந்த நாள் காட்டியது. ஓ-பிரியோனின் மணம் வேறு மண்ணில் வரும் என்று அது காட்டவில்லை.

இன்றைய விலையை நான் நியாயப்படுத்த மாட்டேன். சுவை எவ்வளவு உயர்ந்தாலும் அந்தத் தொகைக்கு ஈடாகாது. இதே தோட்டத்தின் இரண்டாம் ஒயின், அதாவது முதன்மை ஒயினுக்கு அடுத்த நிலையில் இருப்பது, ‘ல கிளாரன்ஸ்’ என்ற பெயரில் வருகிறது. அதுவும் மலிவல்ல, ஆனாலும் எட்டாத உயரத்தில் இல்லை. விருந்தினர் தயங்கினால் உங்கள் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். கதை கேட்டால், ஐந்நூறு வருடத்தில் தொடங்காதீர்கள். லாக் பார்த்த பள்ளத்தையும் 1961-இல் வந்த தொட்டியையும் சொல்லுங்கள்.