ஐந்தரை மணிக்கு ரொறன்ரோ

(சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘நவம்பர் 2 காலை ரொறன்ரோ தோற்றதிலிருந்து மனம் சரியில்லை’ என்று ஒரு வரி நழுவிவிட்டது. நான் கேட்ட கேள்விகளுக்குக்கூட முப்பது வருட வாத்தியார் வேலையில் இத்தனை பதில் வந்ததில்லை. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.)

மட்டக்களப்புக் கல்லடிக்காரரான உங்களுக்கும் ரொறன்ரோ பேஸ்பால் அணிக்கும் என்ன சம்பந்தம் ஐயா? கிரிக்கெட் போதாதா?
— வாசகி, ஆரையம்பதி

அக்கா வழிச் சம்பந்தம். 1989இல் அக்காவும் அத்தானும் கனடா போய்ச் சேர்ந்தார்கள். கூரை திறந்து மூடும் அந்தப் பெரிய அரங்கத்தையும் அதே ஆண்டுதான் ரொறன்ரோவில் திறந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் அத்தானுக்கு இரவில் கோப்பை கழுவும் வேலை. மட்ச் உள்ள நாட்களில் கோப்பை இரட்டிப்பு. அணியின் பெயர் புளூ ஜேஸ், ஒரு நீலக் குருவியின் பெயர். அவர்கள் வென்றால் சனம் தாராளமாக டிப்ஸ் வைக்கும், அதில் ஒரு பங்கு குசினிவரை வரும். ஆக, எங்கள் குடும்பத்தில் இந்த அணிக்கு ஆதரவு தொடங்கியது விளையாட்டு ஆர்வத்தில் அல்ல, டிப்ஸில்.

1992 ஒக்டோபரில் அட்லாண்டாவை வீழ்த்தி, பேஸ்பாலின் இறுதிக் கிண்ணத் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றார்கள். அந்தக் கிண்ணம் அமெரிக்காவை விட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை. அக்காவின் கடிதம் எனக்கு மார்கழியில் கிடைத்தது. ‘தெருவெல்லாம் சனம், மாமாங்கத் தீர்த்தம் மாதிரி’ என்று எழுதியிருந்தார். அடுத்த வருடமும் வென்றார்கள். அதை நான் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்று ஒரு வீடியோ கசெற்றையும் நீலத் தொப்பி ஒன்றையும், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். இங்கே கரண்ட் ஒழுங்காக இல்லாத காலம். ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, அயலவர் பத்துப் பேரைக் கூட்டிவைத்துப் போட்டால், படம் நிறமில்லாமல் மேலும் கீழும் உருளுகிறது. அவர்கள் பதிவு செய்யும் முறை வேறு, எங்கள் டெக் வேறு. ஒரு பையன் ‘சேர், இது மழைப் படமா?’ என்று கேட்டான்.

அந்த மழைக்குள்ளேதான் பார்த்தேன். ஆறாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், ரொறன்ரோ ஓர் ஓட்டம் பின்னால். பிலடெல்பியாவின் மிட்ச் வில்லியம்ஸ் எறிந்த பந்தை ஜோ கார்ட்டர் இடது பக்க வேலிக்கு மேலால் அனுப்பினார், அதைத்தான் ஹோம் ரன் என்பார்கள். மூன்று பேர் சுற்றி வந்தார்கள், 8–6, தொடர் முடிந்தது. கார்ட்டர் சின்னப் பிள்ளைபோலத் துள்ளித் துள்ளி ஓடியது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பிடித்துக்கொள்ள அது போதுமாக இருந்தது.

கசெற்றும் தொப்பியும் 2004 மார்கழி 26 கடலோடு போயின. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி இந்தப் பக்கத்தில் வேண்டாம்.

கிரிக்கெட் போதாதா என்றால், போதும். இலங்கை உலகக் கிண்ணம் வென்ற 1996இல் நானும் உங்களோடு சேர்ந்து கத்தியவன்தான்.

பேஸ்பாலை ஒரு மூச்சில் விளக்க முடியுமா? மகள் கனடாவில் இருக்கிறாள். போனில் அவள் சொல்வது ஒன்றும் விளங்கவில்லை.
— வாசகர், கல்முனை

பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியிருப்பீர்கள்தானே? அப்படியானால் பாதி ஏற்கெனவே தெரியும். அடி, ஓடு, சுற்றிவந்து வீடு சேர். மிச்சப் பாதி: அடிக்க வேண்டிய பந்தை மூன்று முறை விட்டால் அவுட். மூன்று பேர் அவுட்டானால் மற்றப் பக்கம் அடிக்கும். இப்படி ஒன்பது சுற்று, அதாவது இன்னிங்ஸ். சமநிலையில் முடிக்கும் வழக்கம் இல்லை, யாராவது வெல்லும்வரை நீளும். மழை பெய்தால் கணக்குப் போட்டு இலக்கைக் குறைக்கும் வேலையும் இல்லை. கணித வாத்தியாராக எனக்கு அதில் சிறு ஏமாற்றம்.

தோற்கிற அணியா இது? வென்றது அந்த இரண்டு தடவை மட்டும்தானா?
— மாணவன், அக்கரைப்பற்று

வேர்ல்ட் சீரிஸ் என்றால் இரண்டே இரண்டு தடவைதான். ஆனால் தோல்விக்குக் கணக்கு வேறு, தம்பி. இந்த விளையாட்டில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடும். 2025இல் புளூ ஜேஸ் தங்கள் பிரிவில் முதலிடம். வென்றது 94, தோற்றது 68. முதலிடம் வந்த அணியே அறுபத்தெட்டு நாள் தோற்றிருக்கிறது! கிரிக்கெட்டில் இப்படித் தோற்றால் தேர்வாளர்களின் வீட்டுக்குக் கல் போகும்.

1994 ஓகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அந்த வருடம் வேர்ல்ட் சீரிஸே இல்லை. அதிலிருந்து 2014 வரை, இருபத்தொரு பருவம், இறுதிச் சுற்றுப் பக்கமே போகவில்லை. அந்தக் காலத்தில்தான் நான் முழு ஆதரவாளன் ஆனேன் என்றால் நம்புவீர்களா? அக்கா போன் கார்ட் வாங்கிப் பேசுவார். நிமிடத்துக்குக் காசு. அம்மாவின் சுகம், மழை, வயல், கடைசி முப்பது வினாடி புளூ ஜேஸ். ‘இந்த வருசமும் இல்லையடா தம்பி’ என்பார். அதற்குள் கார்ட் முடிந்துவிடும். நல்ல செய்தியோடு அந்த கார்ட் ஒருநாளும் முடியவில்லை.

2015இல் மீண்டார்கள். டெக்சாஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் ஹொசே பௌடிஸ்டா பந்தை அனுப்பிவிட்டு மட்டையைத் தூக்கி எறிந்தாரே, அது மரியாதையா திமிரா என்று அமெரிக்காவே சண்டை பிடித்தது. என்னைக் கேட்டால் இருபத்திரண்டு வருடத்து மட்டை அது, எறியலாம். பிறகு அந்த வருடம் கன்சாஸ் சிற்றியிடமும் அடுத்த வருடம் கிளீவ்லாந்திடமும் வாசல்படியில் விழுந்தார்கள். 2022இல் சியாட்டிலுக்கு எதிராக 8–1 என்று முன்னால் நின்று 10–9 என்று தோற்றார்கள். இதற்கு விளக்கம் கேட்காதீர்கள். 2024இல் பிரிவில் கடைசி இடம்.

மறுகா 2025. ஸ்பிரிங்கரின் ஹோம் ரன்னால் சியாட்டிலை ஏழாவது ஆட்டத்தில் 4–3 என்று கடந்து, 1993க்குப் பிறகு முதல் தடவையாக வேர்ல்ட் சீரிஸ். எதிரே லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ். ரொறன்ரோவில் இரவு எட்டு மணி என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. மூன்றாவது ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் போனது. ஐந்தரைக்குத் தொடங்கிய ஆட்டம் அது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன், மீன் வாங்கினேன், மனைவி குழம்பு வைத்தார், சோறு போட்டார். அப்போதும் முடியவில்லை. பன்னிரண்டு மணி தாண்டி, ஃபிரெடி ஃபிரீமன் அடித்து, 6–5 என்று தோற்றோம். குழம்பு நன்றாக இருந்ததாக மனைவி சொல்கிறார்.

ஏழாவது ஆட்டம்தான் நவம்பர் 2 காலை. மூன்றாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் ஒஹ்தானி எறிந்த பந்தை எங்கள் பிஷெட் தூக்கி அடிக்க 3–0. ஒன்பதாவது இன்னிங்ஸில் 4–3, கிண்ணத்துக்கு இன்னும் இரண்டு அவுட் மட்டும் வேண்டும். அந்த நேரம் பார்த்து அவர்களின் மிகுவேல் ரோஹாஸ் என்பவர் ஹோம் ரன் அடித்தார், 4–4. பேர்பெற்ற ஒஹ்தானி அடித்தார், ஃபிரீமன் அடித்தார் என்றால் மனம் ஆறும். ரோஹாஸ்! பதினோராவதில் வில் ஸ்மித் இன்னொன்று, 5–4. எங்கள் கடைசி வாய்ப்பில் கெரேரோ வீடு சேர ஒரு படி முன்னால், மூன்றாம் பேஸில் நிற்கிறார், ஒரே ஒரு அவுட்தான் போயிருக்கிறது. என் போனில் டேட்டா தீர்ந்தது.

மனைவியின் போனைப் பறித்து அக்காவை வாட்ஸ்அப்பில் பிடித்தேன். அவர் தன் போனை ரீவியை நோக்கித் திருப்பினார். டொட்ஜர்ஸின் யமமொட்டோ கையை உயர்த்துகிறார், எங்கள் கேர்க் மட்டையை வீசுகிறார், உடனே படம் சரிந்து தரை தெரிகிறது. டபிள் பிளே, இரண்டு அவுட்டும் ஒரே பந்தில். அதை நான் பார்க்கவில்லை. ஸ்கார்பரோ வீட்டுக் கம்பளத்தைத்தான் பார்த்தேன், பழுப்பு நிறம், ஓரத்தில் அத்தானின் செருப்பு. கனநேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் அக்கா, ‘தம்பி, காலமைச் சாப்பாடு சாப்பிட்டயா?’ என்றார். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது.

என் கணவர் இரவிரவாக ஐரோப்பிய உதைபந்தாட்டம் பார்க்கிறார். அணி தோற்றால் அடுத்த நாள் வீட்டில் எல்லோருக்கும் ஏச்சு. என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், காத்தான்குடி

தோல்வி அவருடையது, ஏச்சு ஏன் உங்களுக்கு? அதை அவரிடம் நேரே சொல்லுங்கள், வென்ற நாளில் சொல்லுங்கள். எங்கள் வீட்டு ஏற்பாட்டையும் எழுதுகிறேன். தோற்ற நாளில் காலை பத்து மணிவரை நான் முற்றம் கூட்டலாம், கிணற்றடி கழுவலாம், வாய் திறக்கக் கூடாது. பத்தைத் தாண்டியும் முகம் தொங்கிக்கொண்டு இருந்தால், ‘இஞ்சாருங்க, அந்தக் குருவிக் கூட்டம் உங்களுக்குப் பென்சன் தருதா?’ என்று கேள்வி வரும். 2024இல் எங்கள் முற்றம் மிகவும் சுத்தமாக இருந்தது.

மட்டக்களப்பில் ஏன் பேஸ்பால் வேரூன்றவில்லை?
— வாசகர், ஏறாவூர்

நல்ல கேள்வி, என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. இங்கே பணியாற்றிய இயேசு சபைக் குருமார் பலர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில்தான் நம் மைதானமே இருக்கிறது. அவர்கள் கூடைப்பந்தை ஊன்றினார்கள், மிக்கேல் கல்லூரி அதில் பேர் எடுத்தது. கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் இரண்டு வளையமும் போதும். பேஸ்பாலுக்கு ஆளுக்கொரு தோல் கையுறை வேண்டும். எல்லேக்கு அதுவும் வேண்டாம், கம்பும் ரெனிஸ் பந்தும் இருந்தால் சரி. அந்த இடத்தை எல்லே எப்போதோ பிடித்துவிட்டது.

டொட்ஜர்ஸ் அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்றிருக்கிறது. நீங்கள் இருப்பதோ கல்லடியில். எந்த அணியையும் பிடிக்கலாமே, அந்தப் பக்கம் மாறினால் என்ன?
— வாசகர், களுவாஞ்சிகுடி

களுவாஞ்சிகுடியிலிருந்து இந்தக் கேள்வியா! கொம்பு விளையாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணகி அம்மனுக்காக ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இரண்டு கொம்பைக் கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. சிறுவயதில் ஒரே ஒருமுறை பார்த்தேன். எங்கள் பெரியப்பா தென்சேரி. அன்று அவர்களின் கொம்பு முறிந்தது. வென்றவர்கள் பாட்டுப் பாடி நக்கல் அடிக்க, மனுசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முறிந்த துண்டைப் பொறுக்கிப் பார்த்தார். ‘மரம் பிழை’ என்றார். வடசேரிக்குப் போகலாமே என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அது இந்தப் பத்திரிகையில் அச்சேறாது.

எனக்குச் சேரி பார்சலில் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த பருவத்தில் ஒரு மட்ச் உங்களோடு இருந்து பார்க்கலாமா?
— அதே மாணவன், அக்கரைப்பற்று

வா தம்பி. ரொறன்ரோவில் இரவு மட்ச் பெரும்பாலும் ஏழு மணி ஏழு நிமிடத்துக்குத் தொடங்கும். இங்கே நாலு முப்பத்தேழு. அந்த நேரத்துக்கு அக்கரைப்பற்றிலிருந்து பஸ் பிடிப்பது கஷ்டம், முதல்நாளே வந்து தங்கு. வீட்டில் கேட்டுவிட்டு வா. நாயைக் கட்டி வைக்கிறேன். தேத்தண்ணி நான் போடுவேன், கொஞ்சம் சாயம் கூடத்தான் இருக்கும். டேட்டா மட்டும் நீ கொண்டு வா.