நாலடி பாத்தியில லாக் கேபின் குயில்ட் போடலாமா?

ஒஹாயோவுல இருக்கிற வாசகி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: பேக்யார்ட்ல 4-க்கு 4 அடி இடம் இருக்கு, வீக்கெண்ட் மட்டும்தான் டைம், லாக் கேபின் குயில்ட் (நடுவுல ஒரு சதுரம், அதைச் சுத்தி துணிப் பட்டைங்க வெச்சுத் தைக்கிற, 'மரக்கட்டை வீடு'ங்கிற பேர் உள்ள போர்வை) டிசைன்ல பூ வெக்க முடியுமா, நடுவுல கருப்பு வெச்சா அது அடிமைகள் தப்பிச்சுப் போறதுக்கான சிக்னல்னு சொல்றாங்களே, அது நிஜமா?

ரெண்டாவது கேள்வியை முதல்ல முடிச்சிடுறேன். அந்தக் கருப்பு சதுரக் கதை பெருசா பரவினது 1999-ல வந்த ஒரு புத்தகத்தாலதான், வரலாற்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை ஏத்துக்கல. அமெரிக்காவுல அடிமை முறை 1865-ல சட்டப்படி ஒழிஞ்சிடுச்சு, ஆனா தேதி போட்ட லாக் கேபின் குயில்ட் கிடைக்கிறதெல்லாம் பெரும்பாலும் அதுக்கு அப்புறம்தான், அப்ப சிக்னல் யாருக்கு? நடுவுல சிவப்பு வெச்சா அது வீட்டு அடுப்பு, சுத்தி வர்ற பட்டைங்க மரக்கட்டை சுவர், இதுதான் வழக்கமா சொல்ற விளக்கம். லிங்கன் மரக்கட்டை வீட்ல பிறந்தவர்ங்கிறதால அவரையும் இதோட சேர்த்துப் பேசுவாங்க. இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, அடித்துணி மேல குட்டிக் குட்டித் துண்டா வெச்சுத் தைக்கிறதால வேற எதுக்கும் உதவாத கிழிசல் கூட உள்ள போயிடும்.

இப்ப பாத்தி. நடுவுல 12 இஞ்ச் சதுரம், அதுல ஒரே ஒரு சிவப்பு ஜெரேனியம். அதைச் சுத்தி 6 இஞ்ச் அகலப் பட்டைங்க மூணு சுத்து வந்தா கரெக்டா 48 இஞ்ச், அதாவது உங்க 4 அடி. முதல் சுத்துல பட்டை நீளம் 12, 18, 18, 24, அடுத்தது 24, 30, 30, 36, கடைசி சுத்து 36, 42, 42, 48. ஒவ்வொரு சுத்துலயும் முதல் ரெண்டு பட்டை வெளிர் நிறம், அடுத்த ரெண்டு அடர் நிறம், இதை மட்டும் மாத்திடாதீங்க, பாத்தியை குறுக்கா ரெண்டு நிறமா பிரிச்சுக் காட்டுறதே இதுதான்.

செடிக்கு நான் சொல்றது வேக்ஸ் பிகோனியா. வெள்ளைப் பூ பச்சை இலை ஒரு பக்கம், சிவப்புப் பூ வெண்கல நிற இலை இன்னொரு பக்கம், ரெண்டும் ஏறக்குறைய ஒரே உயரம், காய்ஞ்ச பூவைக் கிள்ளிக்கிட்டே இருக்கவும் வேணாம், உறைபனி விழற வரைக்கும் பூக்கும். லெட்யூஸ்ல கூட பண்ணலாம், ஆனா ஜூலை வெயில்ல தண்டு நீண்டு டிசைனே கெட்டுடும். 6 இஞ்சுக்கு ஒண்ணுன்னா வெள்ளை 27, சிவப்பு 33, செத்துப்போறதுக்கு மாத்து வெக்க ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா.

பிகோனியாவுக்கு உறைபனி ஆகாது, அதனால மே பாதி தாண்டி நடுங்க. சனிக்கிழமை கயிறு கட்டி மாவுல கோடு போட்டு மண்ணைக் கிளறி விடுங்க, ஞாயித்துக்கிழமை நடுவுல ஆரம்பிச்சு வெளிய வாங்க, எல்லாப் பக்கத்துலேர்ந்தும் 2 அடி எட்டினா போதும், உள்ள மிதிக்கவே வேணாம்.