கப்பல் ஏறியதா, இல்லையா?

அன்புள்ள ஐயா,
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஷிப்பிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். பையருக்கு எழுதிய மின்னஞ்சலில், சரக்கு 'ஆன் த போர்டு' என்று போட்டுவிட்டேன். மேலாளர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்துச் சிரித்தார். நடுவில் 'த' ஏன் வரக் கூடாது? புதிதாகச் சேருகிறவர்களை 'வெல்கம் ஆன் போர்டு' என்கிறார்களே, அது சரியா? தமிழ் வழியில் படித்ததுதான் என் குறையா?
ஒரு வாசகி, அவிநாசி

அம்மிணி,

கடைசிக் கேள்வியை இனி யாரிடமும் கேட்காதீர்கள், கோபம் வருகிறது. 'வெல்கம் ஆன் போர்டு' சரிதான், கப்பல்காரர்கள் பேச்சு அலுவலகத்துக்குள் வந்துவிட்டது. 'த' சேர்த்தால் ஏதோ ஒரு பலகையின் மேல் என்றாகிவிடும். இங்கே போர்டு என்பது கப்பலின் பக்கம். 'ஓவர்போர்டு' என்பதிலும் அதுவே. இதைச் சொல்லித்தர அரை நிமிடம் போதும். உங்கள் மேலாளருக்குச் சிரிக்கத்தான் நேரம் இருந்திருக்கிறது.

நாள் முழுக்க அவர் சொல்லும் எஃப்.ஓ.பி.யின் விரிவு 'ஃப்ரீ ஆன் போர்டு'. சரக்கு கப்பலில் ஏறும்வரை சேதம் விற்றவர் பொறுப்பு, ஏறிய பிறகு வாங்கியவர் பொறுப்பு. கப்பலின் விளிம்பைத் தாண்டினாலே போதும் என்று முன்பு இருந்ததையும், ஏற்றுமதி இறக்குமதி விதித் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2010 எடுத்துவிட்டது. நம்மவர்களோ தூத்துக்குடி கன்டெய்னர் கிடங்கில் பெட்டிகளை இறக்கியதும் கை கழுவிவிடுகிறார்கள். அங்கே நனைந்தால் யார் தலையில் விடியும்? கன்டெய்னர் சரக்குக்கு, ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைத்ததுமே பொறுப்பு மாறும் எஃப்.சி.ஏ.தான் பொருத்தம் என்று சர்வதேச வணிக சபையே சொல்கிறது. பையர் எஃப்.ஓ.பி. கேட்டால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறோம்.

நான் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட்டிடம் வேலை பார்த்தபோது, பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். அதில் 'ரிசீவ்டு ஃபார் ஷிப்மென்ட்', அதாவது ஏற்றுவதற்காகப் பெற்றோம் என்று மட்டும் இருந்தது. பையரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதமான எல்.சி. கேட்டதோ 'ஆன் போர்டு', அதுவும் தேதியோடு. வங்கி பணம் தர மறுத்துவிட்டது. சரக்கு துறைமுகத்தில்தான் இருந்தது, கப்பல்தான் தாமதம். பிறகு 'ஆன் போர்டு' குறிப்பு விழுந்தபோது, எல்.சி.யின் கடைசி ஷிப்மென்ட் தேதி தாண்டியிருந்தது. கோடைக்கான குழந்தைகள் உடுப்பு. பையர் விலையைக் குறைத்து அடித்தான். அந்த மனிதர் ஆங்கிலத்தில் நன்றாகவே பேசுவார்.

உங்களையும் விடப்போவதில்லை. இத்தனை வருத்தத்தோடு எழுதியவர், அன்று சரக்கு உண்மையிலேயே கப்பலில் ஏறியிருந்ததா என்று ஒரு வரி எழுதவில்லையே? கிடங்கில் கிடந்ததென்றால், 'த'வை எடுத்தாலும் அந்த மின்னஞ்சல் பொய். நாளைக் காலை முதல் வேலையாக ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, ஏற்றிய தேதியைக் கேளுங்கள்.