எட்டே கலைப்பில் பழைய வரிசை: சீட்டு வித்தைச் செயலிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் கிராணியாக வேலை செய்கிறேன். ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகனுக்குக் கடந்த ஓராண்டாகச் சீட்டு வித்தையில் பெரும் ஆர்வம். சீட்டுகளைப் பிசகில்லாமல் கலைக்கப் பழகுவதற்கென்றே ஒரு சிமுலேட்டர் செயலி இருக்கிறதாம். ஆண்டுக்கு 40 ரிங்கிட் கட்ட வேண்டுமாம். சரியான முறையில் எட்டுத் தடவை கலைத்தால் கட்டு பழைய வரிசைக்கே திரும்பிவிடும் என்றும் சொல்கிறான். சீட்டு என்றாலே சம்பள நாளில் லயத்து வாசலில் நடந்த கூத்துகள்தாம் எனக்கு நினைவுக்கு வருகின்றன. இந்தச் செலவு தேவைதானா?

பதில்: தம்பி சொல்வது உண்மை, முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுவோம். 52 சீட்டுகளைச் சரிபாதியாக, 26-க்கு 26 என்று வெட்டி, இரு பாதிகளையும் ஒன்று விட்டு ஒன்றாகப் பின்னலிடுவதுபோல் கோத்தால் அதற்குப் பாரோ கலைப்பு என்று பெயர். அந்தப் பெயர் ஒரு பழைய சூதாட்டத்திலிருந்து வந்தது என்பதால் உங்கள் கவலைக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால், இன்று அதைப் பெரிதும் போற்றுபவர்கள் வித்தைக்காரர்களும் கணிதக்காரர்களும்தாம். கோக்கும்போது மேல்சீட்டு மேலேயும் அடிச்சீட்டு அடியிலேயும் இருந்தால் அது ‘அவுட்’. மேல்சீட்டு ஓர் இடம் இறங்கி இரண்டாவதாகிவிட்டால் அது ‘இன்’. இந்த இரு பெயர்களையும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கணினித் துறையில் பணியாற்றிய பிரிட்டிஷ் வித்தைக்காரர் அலெக்ஸ் எல்ம்ஸ்லி. எட்டு ‘அவுட்’ செய்தால் 52 சீட்டுகளும் தொடங்கிய வரிசைக்கே வந்துவிடும். ‘இன்’ வழியில் போனால் 52 தடவை வேண்டும்; அதில் பாதி வழியில், அதாவது 26-ஆவது தடவையில், கட்டு முழுவதும் தலைகீழ் வரிசையில் நிற்கும்.

இதை நம்புவதற்குச் செயலி தேவையில்லை. ஒன்று முதல் எட்டு வரை எட்டுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு, நான்கு நான்காக வெட்டி மேசைமேல் வைத்துக் கையால் கோத்துப் பாருங்கள். முதல் ‘அவுட்’டில் 1, 5, 2, 6, 3, 7, 4, 8 என்று வரும்; இரண்டாவதில் 1, 3, 5, 7, 2, 4, 6, 8; மூன்றாவதில் 1 முதல் 8 வரை பழையபடி. மகனோடு ஒரு மாலை நேரம் உட்கார்ந்து இதைச் செய்தால், 40 ரிங்கிட்டுக்கு அவர் எதைக் கேட்கிறார் என்பது உங்களுக்கே விளங்கும்.

இனி, கடைக்காரர் சொல்லாத செய்திக்கு வருவோம். இத்தகைய செயலி விரலுக்குப் பயிற்சி தராது. திரையில் ஒரு பொத்தானைத் தொட்டால் சீட்டுகள் 26-க்கு 26 என்று வெட்டுப்பட்டு, ஒன்றுகூடப் பிசகாமல் கோத்துக்கொள்ளும். கையில் வரும் கட்டோ 25-க்கு 27 என்று வெட்டுப்படும், நடுவில் இரண்டு சீட்டுகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போகும், மூலை மடங்கும். இந்தத் தொல்லைகளைத் தாண்டுவதுதான் பயிற்சி. அது கட்டைக் கையில் பிடித்தால்தான் நடக்கும். நீச்சல் படம் பார்த்து ஆற்றில் இறங்க முடியாது என்பது நமக்குத் தெரிந்ததே.

அப்படியானால் செயலி எதற்கு? கணக்குப் போடுவதற்கு. ஒரு வித்தையை வகுக்கும்போது, நான்கு ஏஸ்களை எந்த இடங்களில் வைத்து எத்தனை ‘இன்’, எத்தனை ‘அவுட்’ செய்தால் அவை வேண்டிய இடத்துக்கு வரும் என்று கையால் கலைத்துக் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும். நடுவே ஒரு சீட்டு பிசகினால், தவறு திட்டத்திலா விரலிலா என்றும் தெரியாது. செயலி அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். எல்ம்ஸ்லி கண்டுபிடித்த ஓர் அழகான வழியையும் அதில் பார்க்கலாம். மேல்சீட்டுக்கு மேலே பத்துச் சீட்டுகள் வரவேண்டுமென்றால், பத்து என்ற எண்ணை, 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதும் கணினியின் இரும எண்முறையில் 1010 என்று எழுதி, 1 வரும் இடத்தில் ‘இன்’, 0 வரும் இடத்தில் ‘அவுட்’ என்று இடமிருந்து வலமாகச் செய்தால் போதும்: இன், அவுட், இன், அவுட். நான்கே கலைப்பில் அந்தச் சீட்டு பதினோராவது இடத்தில் போய் நிற்கும். எஸ்.பி.எம். கணிதத்துக்குப் படிக்கும் பிள்ளை இரும எண்முறையை இப்படிக் கற்றுக்கொண்டால் தப்பில்லை என்பது என் எண்ணம்.

பணம் கட்டுவதற்கு முன் செயலியைச் சோதிப்பது எளிது. பெரும்பாலும் இலவசப் பதிப்பிலேயே செய்துவிடலாம். முதலில், அதில் இருக்கும் ‘கலை’ என்ற பொத்தான் எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். பெயரில் கலைப்பு என்று இருக்கும் பல செயலிகள் சீட்டுகளைக் குருட்டாம்போக்கில் சிதறடிப்பவை. நமக்கு வேண்டியது அதற்கு நேரெதிரானது. (சாதாரணமாக விசிறிக் கலைக்கும்போது 52 சீட்டுகள் நன்றாகக் கலைய ஏறக்குறைய ஏழு தடவை போதும் என்று கணிதக்காரர்கள் டேவ் பேயரும் பெர்சி டயாகோனிசும் 1992-இல் காட்டினார்கள், பாரோவில் எத்தனை தடவை கலைத்தாலும் எந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்பது மாறாத கணக்கு.) அடுத்து, 18-ஆவது சீட்டையும் 35-ஆவது சீட்டையும் குறித்துக்கொண்டு ஒரு தடவை ‘அவுட்’ செய்யச் சொல்லுங்கள். இரண்டும் இடம் மாறியிருக்க வேண்டும். இன்னொரு தடவை செய்தால் தத்தம் இடத்துக்குத் திரும்ப வேண்டும். மேல்சீட்டையும் அடிச்சீட்டையும் விட்டால், எட்டுக் கலைப்பு முடிவதற்கு முன்பே இப்படி வீடு திரும்பும் சீட்டுகள் இவை இரண்டுமே. இந்த இடத்தில் தவறும் செயலிக்கு ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது சோதனை ஜோக்கர். கட்டில் இரண்டு ஜோக்கர்களைச் சேர்த்து 54 ஆக்கினால் எட்டு ‘அவுட்’ போதாது, 52 வேண்டும். இரண்டே சீட்டு கூடியதற்கு இவ்வளவு வேறுபாடா என்று நானும் முதலில் நம்பவில்லை. 54 சீட்டை வைத்துக்கொண்டு எட்டில் திரும்புவதாகக் காட்டும் செயலியும், ஜோக்கரை நீக்க வழி இல்லாத செயலியும் பயன்படா.

என் தீர்ப்பு இதுதான். கணினியில் அட்டவணைச் செயலி ஒன்று இருந்தால் தம்பியே இந்தச் சிமுலேட்டரைச் செய்துவிடலாம். ‘அவுட்’டுக்குப் பிறகு ஒற்றைப்படை இடத்தில் வருவது, அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால் கிடைக்கும் பழைய இடத்துச் சீட்டு, இரட்டைப்படை இடத்தில் வருவது, அந்த எண்ணின் பாதியோடு 26-ஐக் கூட்டினால் கிடைக்கும் பழைய இடத்துச் சீட்டு. இரண்டே வரிச் சூத்திரம். அந்த 40 ரிங்கிட்டில் நல்ல காகிதச் சீட்டுக்கட்டுகள் வாங்கித் தாருங்கள். சீட்டு வரிசையைக் குலைக்காமல் புதுக்கட்டைப் பிரித்து, எட்டுத் தடவை கலைத்து, முதல் வரிசை வருகிறதா என்று பார்த்தால் அந்தக் கட்டே தேர்வாளராக நின்று மதிப்பெண் போட்டுவிடும். மேல்பாதியின் அடியில் வரவேண்டிய 26-ஆவது சீட்டு எதுவென்று மனப்பாடம் செய்துகொண்டால், வெட்டு சரியா தப்பா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இதற்குப் பிறகும் தம்பிக்கு வித்தை வகுக்கும் ஆசை நிலைத்திருந்தால், ஒரே தடவை பணம் கட்டும் செயலியாகப் பார்த்து வாங்குங்கள். ஆண்டுச் சந்தா இந்த வேலைக்குப் பொருந்தாது, ஏனெனில் 52 சீட்டின் கணக்கு ஆண்டுதோறும் மாறுவதில்லை.

இன்னொன்று: வெளிநாட்டு நிறுவனத்தின் மின்னியல் சேவை என்றால், 40 ரிங்கிட் என்று திரையில் தெரியும் விலைமேல் சேவை வரி சேரக்கூடும். 2024 மார்ச் முதல் தேதியிலிருந்து அது 8 விழுக்காடு. ஆக 43 ரிங்கிட் 20 சென். பணம் கட்டும் கடைசித் திரையில் வரும் தொகையைத்தான் விலை என்று கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் பிறந்தநாள் விழாக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் சிறு வித்தைகள் செய்து காட்டுகிறேன். இணையத்தில் ஒருவரிடம் ‘பாரோ கலைப்புக்கு ஏற்றது, உயர்ந்த காகிதம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆறு கட்டுகள் வாங்கினேன். வந்தவை முழுக்க நெகிழிச் சீட்டுகள். சிமுலேட்டரில் சரியாக வரும் வித்தை இந்தக் கட்டில் ஒரு தடவைகூட வரவில்லை. விற்றவர் உள்நாட்டுக்காரர்தான், பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். வழக்குப் போட முடியுமா?

பதில்: உங்கள் கைக்கு வரவில்லை என்பது ஒரு குறை, காகிதம் என்று சொல்லி நெகிழியை அனுப்பியது வேறொரு குறை. முதலாவதை எந்த மன்றமும் கேட்காது, ஆகவே அதைக் கடிதத்தில் எழுதவே எழுதாதீர்கள். இரண்டாவது தெளிவான உரிமை மீறல்: 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கும் பொருள் விற்பவர் வருணித்தபடி இருக்க வேண்டும். விளம்பரப் பக்கம், கட்டணச் சீட்டு, உரையாடல் ஆகியவற்றைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, முதலில் விற்பனைத் தளத்தின் முறையீட்டுப் பகுதியில் கேளுங்கள். பொருள் கிடைத்தது என்று உறுதிப்படுத்தும் பொத்தானை அதுவரை அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டிருந்தால், அல்லது அங்கே பயன் இல்லையென்றால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ஆறு கட்டுச் சீட்டுக்காக யாராவது சிரிப்பார்களோ என்று தயங்காதீர்கள். சிறு தொகைக்காகவே உண்டாக்கப்பட்ட மன்றம் அது.

வித்தையைப் பொறுத்தவரை ஒரு சொல். நல்ல காகிதக் கட்டு கிடைத்த பிறகும் கோவை சிக்கினால், கட்டைக் குப்புறப் பிடித்துக் கோப்பதற்குப் பதிலாக முகம் மேலாகத் திருப்பிக் கோத்துப் பாருங்கள். ஆலையில் தாளை வெட்டும்போது சீட்டின் ஓரத்தில் நுண்ணிய சரிவு விழுகிறது. அது ஒரு பக்கமாக வழிவிடும், மறுபக்கமாகத் தடுக்கும். ஒரே நிறுவனத்தின் கட்டுகளிலும் இது வேறுபடுவதுண்டு. எந்தச் சிமுலேட்டரிலும் இந்தச் சரிவு இல்லை.

கேள்வி: எங்கள் வீடு ஆற்றோரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் சீட்டுகள் ஊதி வளைந்துவிடுகின்றன. கடைக்காரரிடம் மாற்றித் தரக் கேட்கலாமா?

பதில்: வாங்கிப் பிரித்தபோதே வளைந்திருந்தால் கேட்கலாம், ஒரு மாதம் கழித்து வளைந்தால் கேட்க முடியாது. காகிதம் ஈரத்தை உறிஞ்சும், நம் பேராக் மழைக்குக் கடைக்காரர் பொறுப்பல்லர். இறுக மூடும் பிஸ்கட் டின்னில், காலணிப் பெட்டியோடு வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் இரண்டைப் போட்டு, மேலே கனமான புத்தகத்தை வையுங்கள். முகத்துக்குப் பூசும் பவுடரைச் சீட்டில் தடவ வேண்டாம். வியர்வையோடு சேர்ந்து பசையாகிவிடும்.

கேள்வி: சீட்டுக் கலைப்புச் செயலியை என் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டேன். அடுத்த மாதமும் பணம் பிடித்திருக்கிறார்கள். இது மோசடியா?

பதில்: மோசடி என்று சொல்ல மாட்டேன், அம்மா. செயலியை நீக்குவதும் சந்தாவை நிறுத்துவதும் வேறு வேறு வேலைகள். கைப்பேசியின் செயலிக் கடைக்குள் நுழைந்து, உங்கள் கணக்கின் கீழ் இருக்கும் சந்தாப் பட்டியலில் அதை ரத்து செய்தால்தான் பிடித்தம் நிற்கும். கட்டிய காலம் முடியும்வரை பயன்படுத்த உரிமை உண்டு. அண்மையில் பிடித்த தொகையை அதே கடையின் பணம் திரும்பப் பெறும் பகுதியில் இன்றே கேட்டுப் பாருங்கள், நாள் கடந்தால் வாய்ப்புக் குறையும். ரத்து செய்ததற்கு வரும் மின்னஞ்சலை மட்டும் அழித்துவிடாதீர்கள். அடுத்த மாதமும் பிடித்தால் வங்கியில் காட்ட அதுதான் கையிலிருக்கும் சான்று.