குருவிக்கு வைக்கும் தண்ணீர் கரிக்கக் கூடாது

ஐயா,
ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் எங்கள் தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து வேப்ப மரத்தடியில் பறவைகளுக்கு மண்சட்டியில் போர் தண்ணீர் வைக்கிறோம். குறையக் குறைய ஊற்றிவிடுவோம். முதலில் குருவியும் மைனாவும் வந்தன. இப்போது காகம் மட்டும்தான். சட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூனைக்காகச் சுற்றிலும் பழைய வலை கட்டியிருக்கிறோம். என்ன குறை?
– வாசகி, மண்டபம்

அன்புள்ள அம்மா,

விளிம்பில் பூத்திருப்பது உப்பு. வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு சட்டியிலேயே தங்கும். பாதி வற்றினால் மீதித் தண்ணீர் இரண்டு மடங்கு கரிக்கும். அதன்மேலேயே மறுபடி போர் தண்ணீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறும். கடற்காகத்துக்கும் ஆலாவுக்கும் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி உண்டு. குடித்த உப்பு மூக்கு வழியாகச் சொட்டிவிடும். குருவிக்கும் மைனாவுக்கும் அது கிடையாது. உப்பைக் கழிக்க உடம்பின் நீரையே செலவழிக்க வேண்டும் என்பதால் குடித்தும் தாகம் தீராது.

குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊரில் நல்ல தண்ணீர் கேட்பது எனக்கும் சங்கடம்தான். ஆனால் ஒரு தட்டுக்கு அரை லிட்டர் போதும். காவிரித் தண்ணீர் பிடித்ததில் ஒரு செம்பு எடுத்து வையுங்கள். முறை போட்டுக்கொண்டால் ஒரு வீட்டுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வரும்.

மிச்சத்தின் மேல் ஊற்றவே வேண்டாம். தினமும் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிப் புதிதாக வையுங்கள். சோப்பு வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. காகம் மீன்குடலைக் கொண்டுவந்து நனைத்துவிட்டும் போகும்.

குழிவான சட்டியைவிட அகலமான மண்தட்டு நல்லது. ஓரத்தில் ஒரு விரல், நடுவில் மூன்று விரல் ஆழம் இருக்கட்டும். கால் வழுக்காமலிருக்க ஒரு செங்கல் துண்டு போடுங்கள். கரையில் கிடக்கும் பவளக்கல்லை எடுக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

வலையை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். மீன்பிடிக்கும் தங்கூசி (ஒற்றை நைலான் இழை) வலைக் கண்ணில் கால் மாட்டினால் பறவை உதற உதற இறுகும். ஓணானும் சாரைப்பாம்பும்கூட அதில் சிக்கிச் சாகும். பூனை பதுங்கிப் பாயும் பிராணி. தட்டைப் புதரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, இடுப்புயர மேடையில் வைத்தால் அது வருவது பறவைக்கு முன்கூட்டியே தெரியும். எழும்பிப் போய் உட்கார மேலே வேப்பங்கிளை இருக்கிறது. கயிற்றில் தொங்கவிட்டால் ஆடிக்காற்றில் கவிழ்ந்துவிடும்.

ஏதாவது பறவை வலையில் மாட்டியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். துண்டால் தலையை மூடினால் அடங்கும். பறவையிலிருந்து சற்றுத் தள்ளி வலையை வெட்டி முதலில் அதை விடுவியுங்கள். பிறகு நகம் வெட்டும் சிறு கத்தரியால் இழை இழையாக எடுங்கள். விடுமுன் இறகை ஊதி விலக்கிப் பாருங்கள். ஒரு இழை காலில் சுற்றியபடியே நின்றுவிட்டாலும் ரத்தம் ஓடாமல் அந்தக் கால் அழுகிவிடும்.